கிட் லென்ஸுக்கு அடுத்து எது? நெல்லைச் சீமையில் உழைக்கிற லென்ஸ்களும் துணைப்பொருள்களும்

கேமராவோடு பெட்டியில் வந்த 18-55 எம்எம் லென்ஸ் கைக்குப் பழகியதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: அடுத்து எந்த லென்ஸ் வாங்கலாம்? இணையத்தில் தேடினால் பெரும்பாலும் "50 எம்எம் எஃப் 1.8" என்றே பதில் வரும். நல்ல லென்ஸ்தான் (எம்எம் கூடினால் தூரம் எட்டும், எஃப் எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம் புகும்). ஆனால் திருநெல்வேலிப் பக்கம் கேமரா போகிற இடங்களை நினைத்துப் பாருங்கள். கூந்தன்குளத்துப் பறவைகள், பாபநாசம் அகத்தியர் அருவி, பணகுடி–காவல்கிணறு காற்றாலைகள், உவரிக் கடற்கரை, நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம். இவற்றில் பாதி இடங்களுக்கு 50 எம்எம் எட்டாது, மீதி இடங்களில் அது ஒடுக்கம். கிராப் சென்சார் கேமரா (பிலிம் சட்டத்தைவிடச் சிறிய சென்சார் உள்ளது) வைத்திருப்பவருக்கு இரண்டாவது லென்ஸ், தூரத்தை நெருங்கக் காட்டும் 55-250 வகை டெலி ஜூம்தான். அதற்கும் முன்னால் லென்ஸின் முகப்பில் மாட்டும் வெயில் மறைப்பான ஒரு ஹூட்டும் ஈரம் புகாத ஒரு டப்பாவும் வாங்கியாக வேண்டும். ஏன் என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

கேனான்காரர்களுக்கு இஎஃப்-எஸ் 55-250 ஐஎஸ் எஸ்டிஎம் (ஐஎஸ் என்பது அதிர்வு தடுப்பு, எஸ்டிஎம் என்பது போகஸ் மோட்டாரின் வகை). எடை 375 கிராம், பில்டர் அளவு 58 எம்எம், 55-இல் எஃப் 4, 250-இல் எஃப் 5.6. இதே 55-250 பெயரில் எஸ்டிஎம் இல்லாத பழைய பதிப்புகள் இரண்டு உண்டு. செகண்ட் ஹேண்டில் அவையும் கலந்துதான் வரும். பழையவற்றில் போகஸ் ஆகும்போது முன்பக்கக் கண்ணாடியே சுழலும், அதனால் போலரைஸர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் பில்டர்) மாட்டினால் ஒவ்வொரு முறையும் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய வேண்டியிருக்கும். மிகக்குறைந்த போகஸ் தூரம் அவற்றில் 1.1 மீட்டர், எஸ்டிஎம்-இல் 0.85 மீட்டர். அந்தக் கால் மீட்டர் வித்தியாசம் சின்னதல்ல. 250-இல் 0.85 மீட்டருக்கு நெருங்கினால் படச் சட்டத்தின் அகலத்தில் ஏறக்குறைய 7.7 செ.மீ. மட்டுமே அடங்கும். வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருக்கும் தட்டானைத் தனி மேக்ரோ லென்ஸ் இல்லாமலே சட்டம் நிறைய எடுத்துவிடலாம். பெட்டியில் "எஸ்டிஎம்" என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பறவைக்கு 250 போதுமா என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. லென்ஸின் எம்எம்-ஐப் பறவையின் உயரத்தால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால் சென்சாரில் விழும் பிம்பத்தின் உயரம் கிடைக்கும். மஞ்சள் மூக்கு நாரை ஏறக்குறைய 1 மீட்டர் உயரம். அது 40 மீட்டர் தள்ளி நின்றால் 250 எம்எம்-இல் 6.25 மி.மீ. பிம்பம். கேனான் கிராப் சென்சாரின் உயரம் 14.9 மி.மீ. என்பதால் சட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கு நாரை நிற்கும். அது நல்ல படம், சுற்றியுள்ள தண்ணீரும் சேர்ந்து வரும். அதே தூரத்தில் 600 எம்எம் போட்டால் 15 மி.மீ., தலையோ காலோ வெட்டுப்படும். கூந்தன்குளத்தில் இன்னொரு வசதி, நாரைகள் ஊருக்குள் வீட்டுப் பக்கத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அங்கே 12 மீட்டர் தூரத்தில் 250 என்பதே அதிகம், 150-க்கு இறக்க வேண்டியிருக்கும். சிறு மீன்கொத்தி போன்ற 16, 17 செ.மீ. பறவைதான் இந்த லென்ஸுக்குச் சோதனை. 10 மீட்டரில் அது வெறும் 4 மி.மீ. அதைவிட நெருங்க முடியாவிட்டால் படத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். குளத்தின் நடுவில் இறங்கியிருக்கும் வரித்தலை வாத்துக் கூட்டம் 250-க்கு எட்டாது. அதை ஒத்துக்கொண்டு கூட்டமாகவே எடுப்பது நல்லது.

பறக்கும் நாரைக்கு ஷட்டர் வேகம் 1/1600 நொடி, மரத்தில் நிற்பதற்கு 1/500. காலை வெயில் நன்றாக ஏறியபின் எஃப் 5.6, ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 400 என்றால் 1/1600 தாராளமாகக் கிடைக்கும். விடிந்தவுடன் கிடைக்காது, ஐஎஸ்ஓ 1600 வரை ஏற்றத் தயங்க வேண்டாம். வெள்ளை இறகு வெந்துபோகாமல் இருக்க எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) மைனஸ் 2/3 வையுங்கள்.

இந்த ஊரில் டெலி லென்ஸ் வாங்கிய பலர் "ஷார்ப்பா வரல" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவதற்குப் பெரும்பாலும் கானல்தான் காரணம். மார்ச், ஏப்ரலில் குளத்தங்கரை மண் சூடேறியதும் தரையை ஒட்டிய காற்று நெளியத் தொடங்கும். 50 மீட்டருக்கு அப்பால் உள்ள எதுவும் அந்த நெளிவு வழியாகத்தான் தெரியும். 600 எம்எம்-இல் அந்த நெளிவும் சேர்ந்து பெரிதாகும். விலை கூடிய லென்ஸ் போட்டாலும் படம் மெழுகு உருகின மாதிரிதான் வரும். பத்துப் படங்களை வரிசையாக எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பறவையின் ஓரம் வேறு வேறு விதமாகக் குழைந்திருந்தால் குற்றம் லென்ஸில் இல்லை. எட்டரை மணிக்கு முன்னால் எடுங்கள், அல்லது தூரத்தைக் குறையுங்கள்.

250-க்கு அடுத்த படி 150-600 எம்எம் ஜூம். சிக்மா கன்டெம்பரரி 1,930 கிராம், டாம்ரான் ஜி2 2,010 கிராம், இரண்டுக்கும் பில்டர் அளவு 95 எம்எம். படத்தின் தரத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. ஆனால் ஜி2-வின் டிரைபாட் கால், டிரைபாட் தலையில் உள்ள ஆர்க்கா வகை கிளாம்பில் நேராக மாட்டும், சிக்மாவுக்குத் தனியாகத் தகடு வாங்கித் திருக வேண்டும். போகஸ் தூரம் ஜி2-வுக்கு 2.2 மீட்டர், சிக்மாவுக்கு 2.8. அதனால் நம் வாக்கு ஜி2-வுக்கு. இரண்டும் 600-இல் எஃப் 6.3 என்பதை மறக்கக் கூடாது. பழைய டிஎஸ்எல்ஆர்களின் ஆட்டோ போகஸ் எஃப் 5.6 வரைக்கென்றே அமைந்தது, மங்கலான காலையில் முன்னும் பின்னும் ஓடித் தேடும். நடு போகஸ் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் அந்தத் தேடல் பாதியாகக் குறையும். நிக்கான் 200-500 முழுநீளத்துக்கும் எஃப் 5.6 தருகிறது. ஆனால் 2,300 கிராம், கையில் பிடித்துக்கொண்டு கரை நெடுக நடக்க முடியாது. கேனான் ஆர் வகை மிரர்லெஸ் வைத்திருப்பவர் ஆர்எஃப் 100-400-ஐப் பாருங்கள். 635 கிராம்தான். 400-இல் எஃப் 8 என்பது இருட்டில் சிரமம், வெயில் நேரத்தில் குறையே தெரியாது. நம் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை.

150-600, 200-500 போன்ற லென்ஸ்களின் கனத்துக்கு டிரைபாட்டைவிட மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) நல்லது. வண்டிக்குள்ளிருந்து எடுத்தால் ஜன்னலில் வைக்க ஒரு துணிப்பை போதும். தையல்காரரிடம் காடாத் துணியில் இரட்டைத் தையல் போட்டு வாங்கி, முக்கால் பங்கு மட்டும் புளியங்கொட்டை நிரப்புங்கள். மணல் நிரப்பாதீர்கள், தையல் வழியாகக் கசிந்து ஜூம் வளையத்துக்குள் போய்விடும்.

லென்ஸின் முன்னால் திருகும் "2.2 எக்ஸ் டெலி, 0.45 எக்ஸ் வைட்" கண்ணாடிகளை இலவசமாகக் கொடுத்தாலும் மாட்டாதீர்கள். ஓரமெல்லாம் ஊதா நிறம் படரும், நடுவிலும் கூர்மை போய்விடும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் கேனானின் எக்ஸ்டெண்டர்களோ இஎஃப்-எஸ் லென்ஸில் பொருந்தவே பொருந்தாது.

நிக்கான்காரர்களுக்கு 55-250-க்குப் பதிலாக டிஎக்ஸ் (நிக்கானின் கிராப் சென்சார் வகை) ஏஎஃப்-பி 70-300. மெல்லிய சத்தம், வேகமான போகஸ், 58 எம்எம் பில்டர். வாங்குமுன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு லென்ஸ்களில் ஒன்றில் மட்டுமே அதிர்வு தடுக்கும் விஆர் இருக்கிறது. அதற்கென்று லென்ஸின் பக்கவாட்டில் பொத்தான் கிடையாது, பெயரில்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது, டி3200, டி5100, டி90, டி7000 போன்ற பழைய கேமரா உடல்களில் ஏஎஃப்-பி வேலை செய்யாது. மாட்டும், ஆனால் போகஸ் வராது. டி5300 என்றால் பர்ம்வேரை (கேமராவின் உள் மென்பொருளை) புதுப்பிக்க வேண்டும். இதற்கு நேர்மாறான சிக்கல் 50 எம்எம் 1.8டி. மலிவு என்று வாங்கி டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் மாட்டினால், அந்த உடல்களில் மோட்டார் இல்லாததால் கையால்தான் போகஸ் செய்ய வேண்டும். ஏஎஃப்-எஸ் என்று போட்ட 1.8ஜி தான் அவற்றுக்குச் சரி.

இப்போது அந்த 50 எம்எம். கேனானின் எஸ்டிஎம் பதிப்பு 160 கிராம், 49 எம்எம் பில்டர், ஏழு இதழ் அப்பர்ச்சர் (வெளிச்சம் புகும் துளை), உலோக மவுண்ட் (கேமராவில் மாட்டும் வளையம்). இதற்கு முந்தைய பதிப்பில் மவுண்ட்டே பிளாஸ்டிக், இதழ் ஐந்து. பழையதை இனி வாங்க வேண்டியதில்லை. முகங்களுக்கு எஸ்டிஎம் அருமை. ஆனால் சடங்கு வீட்டிலும் வளைகாப்பு வீட்டிலும் எடுக்கத்தான் வாங்குகிறேன் என்றால் ஒரு நாடாவை எடுத்து அளந்து பாருங்கள். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து, நிற்கும் ஓர் ஆளை மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு முழுதாக அடக்க 50 எம்எம்-க்கு நாலரை மீட்டர், அதாவது 15 அடி தள்ளி நிற்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் சுவர்தான் முதுகில் முட்டும். இஎஃப்-எஸ் 24 எம்எம் எஃப் 2.8-க்கு ஏழு அடி போதும். நிக்கானில் டிஎக்ஸ் 35 எம்எம் 1.8-க்குப் பத்து அடி. வீட்டு விசேஷத்துக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் பரிந்துரைப்போம். 24-இன் எடை 125 கிராம், 16 செ.மீ. வரை நெருங்கலாம், ஆரத்தித் தட்டையும் கைவளையையும் அப்படியே எடுக்கலாம். எல்இடி பல்பும் டியூப் லைட்டும் எரிகிற மண்டபத்தில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வேறு வேகங்களில் படத்தில் கோடு விழும், ஒரே அறை ஒரு படத்தில் மஞ்சளாகவும் அடுத்ததில் வெளுத்தும் வரும்.

கோயில்களுக்கு வந்தால் லென்ஸ் தேர்வு தலைகீழாகும். ஆனித் தேர் ரத வீதியில் திரும்பும் இடத்தில் பின்னால் நகர இடமிருக்காது, இஎஃப்-எஸ் 10-18 தான் கை கொடுக்கும். 240 கிராம், அதிர்வு தடுப்பும் உண்டு. கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காமல் நேராகப் பிடித்து, கீழே கூட்டத்துக்கு இடம் கொடுத்து எடுங்கள். சாய்த்தால் தேர் பின்னால் விழுவதுபோல வரும். அதே லென்ஸைத் திருச்செந்தூர் சாலையில் உள்ள கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் சிற்பங்களுக்குப் போடாதீர்கள். அங்குள்ள நாயக்கர் காலத் தூண் சிற்பங்களின் அழகே உடலின் அளவில்தான் இருக்கிறது. 10 எம்எம்-இல் நெருங்கி எடுத்தால் வீரனின் முழங்கை தலையைவிடப் பெரிதாகும். 50 எம்எம், எஃப் 4 அல்லது 5.6, சிற்பத்தின் நெஞ்சு உயரத்துக்குக் கேமரா. வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரும் நேரத்தில்தான் நகக்கண் வரை செதுக்கல் தெரியும், பிளாஷ் போட்டால் அத்தனையும் தட்டையாகிவிடும். கேமராவுக்கும் டிரைபாட்டுக்கும் அனுமதி உண்டா என்று எந்தக் கோயிலிலும் வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹூட்டைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். கேனான் தன் சாதாரண லென்ஸ்களோடு அதைத் தருவதில்லை, தனியாகத்தான் வாங்க வேண்டும். 55-250 எஸ்டிஎம்-க்கு இடி-63 (ET-63), 18-55 எஸ்டிஎம்-க்கு இடபிள்யூ-63சி (EW-63C), 50 எஸ்டிஎம்-க்கு இஎஸ்-68 (ES-68). வேறு கம்பெனிகளின் நகல்களே போதும். மாட்டும்போது "கிளிக்" என்று உட்காருகிறதா, உள்பக்கம் மினுமினுக்காத கறுப்பா என்று மட்டும் பாருங்கள். நம் ஊர் வெயில் பக்கவாட்டிலிருந்து கண்ணாடியில் அடித்தால் படம் முழுக்கப் பால் கலந்த மாதிரி வெளுக்கும், அதைத் தடுப்பது ஹூட்தான். கீழே விழுந்தாலும் முதல் அடியை அதுவே வாங்கும். எல்லா அளவுக்கும் பொருந்தும் திருகு வகை இதழ் ஹூட்டை வாங்காதீர்கள். இதழ் கோணலாக நின்றுவிட்டால் வைட் படத்தின் மூலைகள் கறுக்கும்.

லென்ஸ் வாங்கியதும் கடையில் அடுத்த வார்த்தை, "அண்ணாச்சி, ஒரு யூவி பில்டர் போட்டுத் தாரேன், கண்ணாடிக்குப் பாதுகாப்பு." டிஜிட்டல் சென்சாரின் முன்னாலேயே புறஊதாவைத் தடுக்கும் அடுக்கு இருக்கிறது. படத்துக்கு அந்தப் பில்டரால் எந்த நன்மையும் இல்லை. மலிவான பில்டர் போட்டு இரவில் தேர்த் திருவிழா விளக்குகளை எடுத்தால், ஒவ்வொரு விளக்குக்கும் எதிர் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி மிதக்கும். டெலி லென்ஸில் இன்னும் மோசம், 250-க்கு மேல் கூர்மையையே தின்றுவிடும். கூர்மை குறைந்தது என்று தோன்றினால் முதலில் பில்டரைக் கழற்றி எடுத்துப் பாருங்கள். அதற்கு உண்மையான வேலை இரண்டு இடங்களில்தான்: உவரி, இடிந்தகரைப் பக்கம் உப்புச் சாரல், காற்றாலைப் பக்கமும் செம்மணல் தேரிக்காட்டிலும் பறக்கும் மணல். அங்கே பல அடுக்குப் பூச்சுள்ள நல்ல பில்டரைப் போட்டு, வீடு வந்ததும் கழற்றிவிடுங்கள்.

அந்தப் பணத்தைப் போலரைஸரில் போடுங்கள். கணினியில் பின்னால் கொண்டுவர முடியாத விளைவைத் தரும் பில்டர் இதுதான். அகத்தியர் அருவியின் ஈரப் பாறையில் வானம் பிரதிபலித்து வெள்ளையாக மின்னும். போலரைஸரை மெதுவாகத் திருப்பினால் ஒரு கட்டத்தில் அந்த மினுக்கம் அணைந்து, பாறையின் கறுப்பும் பாசியின் பச்சையும் வெளியே வரும். தாமிரபரணியின் தெளிந்த இடங்களில் அடியில் கிடக்கும் கூழாங்கல்லும் தெரியும். வானத்தை ஆழ்நீலமாக்க வேண்டுமென்றால் சூரியன் உங்கள் தோளுக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும், நேர் முன்னாலோ பின்னாலோ இருந்தால் விளைவு இல்லை. ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) அது விழுங்கும். 10-18-இல் போட்டால் வானத்தின் நடுவில் மட்டும் கருநீலத் திட்டு விழும், அங்கே வேண்டாம்.

அளவு விஷயத்தில் கேனான்காரர்களுக்கு அதிர்ஷ்டம். 18-55 எஸ்டிஎம், 55-250 இரண்டுமே 58 எம்எம், ஒரு போலரைஸர் போதும். வேறு அளவுகள் இருந்தால் பெரியதை வாங்கி, சிறிய லென்ஸில் அதைப் பொருத்தும் ஸ்டெப்-அப் வளையம் போடலாம், ஆனால் வளையம் மாட்டிய பின் ஹூட் ஏறாது. அலுமினிய வளையம் வெயிலில் இறுகிக்கொண்டால் விரலால் ஓரிடத்தில் அழுத்தித் திருகாதீர்கள், வட்டம் நசுங்கி இன்னும் இறுகும். ரப்பர் பேண்டைச் சுற்றிலும் போட்டு, முழு வட்டத்தையும் சமமாகப் பிடித்துத் திருப்புங்கள்.

வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்டி பில்டர் அருவிக்கு மட்டும் வேண்டியது. என்டி8 மூன்று ஸ்டாப், என்டி64 ஆறு ஸ்டாப். காலை நிழலில் போலரைஸரோடு எஃப் 11, ஐஎஸ்ஓ 100 வைத்தாலே 1/4 நொடி கிடைத்துவிடும். தண்ணீர் பட்டாக விழ அது போதுமானது. எஃப் 22-க்கு மூடினால் கூர்மை குறையும்.

பூச்சி எடுப்பவர்களுக்கு 55-250-இன் முன்னால் கிளிப் போலக் கவ்வும் ரேநாக்ஸ் டிசிஆர்-250-ஐத் தயங்காமல் சொல்லலாம். 52 முதல் 67 எம்எம் வரை எந்த லென்ஸிலும் உட்காரும். 250-இல் வைத்து முடிவிலியில் போகஸ் செய்தால் பூச்சி சென்சாரில் தன் அளவைப்போல இரு மடங்கு விழும், பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடைவெளி சுமார் 12 செ.மீ. எக்ஸ்டென்ஷன் டியூப் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் வெற்றுக் குழாய்) வாங்குவதானால் மின் தொடர்புப் புள்ளிகள் உள்ளதாக வாங்குங்கள். அவை இல்லாத மலிவு டியூபில் கேனான் லென்ஸின் அப்பர்ச்சரை மாற்ற முடியாது, முழுதும் திறந்தே நிற்கும், பூச்சியின் ஒரு கண் மட்டும்தான் தெளிவாக இருக்கும்.

இனி, எதைவிடவும் அவசியமானது: பூஞ்சைத் தடுப்பு. அம்பாசமுத்திரம், பாபநாசம் பக்கம் ஜூன் முதல் சாரல், பிறகு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. ஆண்டில் பாதி நாள் காற்றில் ஈரம். ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டி, இருட்டும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் கண்ணாடியில் சிலந்தி நூல் போலப் பூஞ்சை படரும். அது சுரக்கும் அமிலம் மேற்பூச்சை அரிக்கும். சுத்தம் செய்தாலும் தடம் போகாது. கேமராப் பையும் தோல் உறையும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், பயணத்துக்கு மட்டும்தான் அவை. பீரோவில் பட்டுச் சேலைக்கு அந்துருண்டை போட்டிருந்தால் அதே பீரோவில் லென்ஸை வைக்கக் கூடாது, தயாரிப்பாளர்களே அதை எச்சரிக்கிறார்கள். அரிசிப் பானைக்குள் வைப்பதும் வேண்டாம், மாவுத்தூள் உள்ளே போகும்.

ரப்பர் வளையமுள்ள காற்றுப்புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, கால் கிலோ சிலிக்கா ஜெல், சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று. இவ்வளவுதான். 40-க்கும் 50-க்கும் இடையில் நிறுத்துங்கள். 30-க்குக் கீழே வெகுநாள் கிடந்தால் ரப்பரும் மசகும் காயும். நீல ஜெல் ஈரம் குடித்ததும் இளஞ்சிவப்பாகும். பழைய இரும்புச் சட்டியில் மெல்லிய தீயில் நிறம் திரும்பும் வரை காயவைத்து மீண்டும் பயன்படுத்தலாம். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமைக்கும் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். மூன்று லென்ஸுக்கு மேல் சேர்ந்துவிட்டால் மின்சார டிரை கேபினெட் வாங்குவதே நல்லது. ஏசி காரிலிருந்து நேராகக் கடற்கரையில் இறங்கினால் கண்ணாடி முழுக்கப் பனி படரும். இறங்குமுன் ஜிப் கவரில் போட்டு மூடி, அரை மணி நேரம் அப்படியே வெளிச்சூட்டுக்கு வரவிடுங்கள்.

துடைப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் ரப்பர் பம்பால் ஊதல், பிறகு மென்தூரிகை, கடைசியில்தான் திரவம் தொட்ட மைக்ரோபைபர், நடுவிலிருந்து வெளியே வட்டமாக. தேரி மணல் ஒட்டியிருக்கும்போது லென்ஸ் பேனாவை வைத்துத் தேய்த்தால் கீறல் நிச்சயம். உப்புச் சாரலை உலர்ந்த துணியால் துடைக்கக் கூடாது, காய்ச்சி வடித்த நீர் தொட்ட துணியால் முதலில் கரைத்து எடுக்க வேண்டும். காற்றாலைப் பக்கம் லென்ஸ் மாற்றுவதானால் கேமராவை ஆஃப் செய்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, கேமராவின் வாயைத் தரைநோக்கிப் பிடித்து மாற்றுங்கள்.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர் உங்கள் கேமராவையும் ஒரு டார்ச்சையும் கையோடு கொண்டுபோங்கள். பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். நாலு தூசி இருந்தால் பரவாயில்லை. நூல் மாதிரியோ பனி மாதிரியோ தெரிந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எந்த விலைக்கும் வேண்டாம், உங்கள் மற்ற லென்ஸ்களுக்கும் ஈரமும் பூஞ்சையும் சேர்ந்து வரும். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. ஐஎஸ் உள்ள லென்ஸைக் குலுக்கினால் லேசாக ஆடும் சத்தம் வரும், அது பழுதில்லை. பிறகு ஒரு நாளிதழின் முழுப் பக்கத்தைச் சுவரில் விறைப்பாக ஒட்டி, கேமராவை நேர் எதிரே டிரைபாட்டில் வைத்து, ஐஎஸ்-ஐ அணைத்து, இரண்டு நொடி டைமரில், அப்பர்ச்சரை முழுதும் திறந்து ஒரு படம், எஃப் 8-இல் ஒரு படம். நான்கு மூலைகளிலும் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவுக்கு மங்கலாக இருந்தால் அது அந்த லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் எஃப் 8-லும் மங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது, கீழே விழுந்த லென்ஸ். பில்லில் உள்ள சீரியல் எண்ணையும் லென்ஸில் உள்ளதையும் ஒத்துப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.